நாவமரத்து மடுவுக்குத் தீனி வைத்தவன்

என் சகலை சென்றாயனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லாத ஆள் கொல்லிமலையில் ஒருவன்தான் இருக்கிறான். அந்த ஒருவன் நான். பெயர் பூபதி. வாசலூர்பட்டியில் படகுத் துறைக்கு எதிரே கொய்யா, அன்னாசி, மிளகாய் பஜ்ஜி விற்கிற கடை வைத்திருக்கிறேன். சென்றாயன் என் மனைவி கண்ணாயியின் தங்கை சுமித்ராவைக் கட்டியவன். திண்ணனூர் நாட்டில் ஒரு ஒதுக்குப்புறமான ஊரில் மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டுப் பிழைக்கிறான்.

அவன் கெட்டவனாக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! குடிக்க மாட்டான். அதிர்ந்து பேச மாட்டான். விருந்துக்குப் போனால் எனக்கு இலை போட்ட பிறகுதான் உட்காருவான். சின்ன வயதில் அப்பனை இழந்தவன், இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தனக்குப் பெண் பார்த்தான். மிளகு பறிக்க மரத்தில் ஏணி சாய்த்தால் சாயங்காலம் வரை இறங்க மாட்டான். நாற்பத்தைந்து வயதாகிறது, ஒரு முடி நரைக்கவில்லை. எனக்குப் பாருங்கள், ஐம்பத்தொன்றில் மீசையே வெளுத்துவிட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக் கொள்வேன். மீன் பிடிக்கிறானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்த மலையில் தூண்டில் போட எத்தனை இடம் உண்டு, எந்த மாசத்தில் எங்கே என்ன விழும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எங்கள் ஊர் ஏரியில் படகு ஓடுகிற பக்கம் தூண்டில் போடக் கூடாது. பின்பக்கம் கோரை முளைத்த கரையில் உட்கார்ந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், ஜிலேபிக் கெண்டை நன்றாகக் கடிக்கும். கிழங்குக் காட்டுக்குப் பின்னால் ஒரு தடுப்பணை இருக்கிறது. மழை விட்ட நாலாம் நாள் போக வேண்டும், அதற்கு முன்னால் போனால் வெறும் சேறுதான். கீழே புளியஞ்சோலையில் தண்ணீர் கண்ணாடியாக ஓடும். பார்க்க அழகு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அங்கே குளிக்க வருகிற கூட்டத்துக்கு மீன் எங்கே நிற்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக என் சொந்த இடம் ஒன்று உண்டு, பாறைக்குழி என்று பெயர். ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு குழி. அங்கே போகிற வழியை இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் காட்டினேன்.

அவர் நசீர் அகமது. சேந்தமங்கலத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். பதினாலு வருசத்துக்கு முன்னால் மனைவி ஹாஜிரா பீவி, மகன் நவ்ஷாத், மகள் மர்யம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு படகு விட வந்தார். பிள்ளைகள் படகில் ஏறினார்கள். இவர் ஏறவில்லை. என் கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த மூங்கில் தூண்டிலையே பார்த்துக் கொண்டு நின்றார்.

“இது யாருதுப்பா?” என்றார்.

“என்னுதுதானுங்க.”

“நான் சின்னப் பையனா இருக்கறப்ப பிடிச்சது. ஏரியில தண்ணி வத்துனதுக்கப்பறம் விட்டுப் போச்சு” என்றார். குரலே இறங்கிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தார். அன்றிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்துவிடுவார். நான் கடையைச் சாத்திவிடுவேன். படகுத் துறையில் ஞாயிற்றுக்கிழமை கடை சாத்துகிற கிறுக்கன் யாராவது உண்டா? வாரம் முழுக்க ஈ ஓட்டிவிட்டு, கூட்டம் அலைமோதுகிற அன்றைக்குப் பூட்டைத் தொங்கவிட்டால் பொண்டாட்டி சும்மா இருப்பாளா? கண்ணாயி வாயில் போட்டு என்னை வறுத்தெடுத்தாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நசீர் பாயோடு உட்காருவதே ஒரு சுகம். தக்கையைப் பார்த்தபடி மெதுவாகப் பேசுவார். மர்யமுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது முதலில் வந்த இடத்தை ஏன் வேண்டாம் என்றார் என்பது அவருடைய அண்ணன் தம்பிகளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். அழுதுகொண்டே சொன்னார், தக்கை இரண்டு தடவை முழுகியதைக்கூடப் பார்க்காமல். எங்கள் அப்பன் என்னை அடித்த அடி, நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய கதை எல்லாம் நானும் அவரிடம்தான் சொன்னேன். மத்தியானம் ஹாஜிரா பீவி கட்டிக் கொடுத்த தேங்காய்ச் சோற்றுப் பொட்டலம் இரண்டு வரும். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் நானே கல்லைப் போட்டேன்.

மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு எனக்கு நெருப்பாகக் காய்ச்சல். பாய் அதற்குள் பாதி வளைவு ஏறிவிட்டார். திரும்பிப் போகச் சொல்ல மனசு வரவில்லை. “என்ற சகலைய அனுப்பறேனுங்க பாய், இன்னிக்கு ஒருநாளைக்கு அவனோட போய்ட்டு வாங்க” என்று போனில் சொன்னேன். என் வாயை எதால் அடித்துக் கொள்வது!

சென்றாயன் அவரைத் தன் ஊருக்குக் கீழே இருக்கிற நாவமரத்து மடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஓடை ஒரு பெரிய பாறையில் இடித்துத் திரும்புகிற இடத்தில் ஆழமாகத் தேங்கி நிற்கும் தண்ணீர். மேலே ஒரு பெரிய நாவல் மரம். நான் அந்த மடுவை ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் பாய் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார், கையில் ஒன்றரை முழ நீளத்துக்கு ஒரு விரால். பதினொரு வருசத்தில் என்னோடு அவர் அப்படி ஒன்றைப் பிடித்ததில்லை.

“பூபதி, உன் சகலை இருக்கறானே, அவன் ஆளே வேறப்பா” என்றார்.

காய்ச்சல் எனக்கு நாலு நாள் அதிகமாக இருந்தது.

அடுத்த முறை வந்தபோது, “சென்றாயனையும் கூட்டிக்கலாமா?” என்றார். மூன்று பேராகப் போனோம். அவர்கள் இரண்டு பேருக்கும் கடித்தது, எனக்குக் கடிக்கவில்லை. நான் தண்ணீரைத் திட்டினேன், தூண்டில் முள்ளைத் திட்டினேன், மேலே பறந்த கொக்கைத் திட்டினேன். சென்றாயன், “ஏனுங்ணா, என்ற எடத்துல வந்து உக்காருங்க” என்று எழுந்து நின்றான். பிச்சை போடுகிறானாம் எனக்கு! நான் போகவில்லை. அதற்கடுத்த முறை எனக்குக் கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பாய் கெஞ்சுவார் என்று நினைத்தேன். “சரி பூபதி, யாவாரத்தப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் என்ன? பாயின் வெள்ளைக் கார் என் கடை முன்னால் ஒரு ஹாரன் அடித்துவிட்டு நேராகத் திண்ணனூர் நாட்டுப் பக்கம் திரும்பும். நான் பஜ்ஜிக் கரண்டியோடு கையைத் தூக்குவேன். எண்ணெய் முழங்கை வரை வழியும்.

“ஊருல பொம்பளைக்குத்தான் சக்களத்தி வருவா. உங்களுக்கு வந்துட்டானாட்டம் இருக்குதுங்க” என்று கண்ணாயி சிரித்தாள்.

“வாய மூடு” என்றேன். அவள் சொன்னதில் என்ன தப்பு? பொறாமைதான். எனக்கு வயிறு எரிந்தது. ராத்திரி சோற்றில் கை வைத்தால் அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பாறையில் உட்கார்ந்து எதைப் பேசிச் சிரித்திருப்பார்கள் என்ற நினைப்பு வரும். சுமித்ரா எப்போதாவது வந்து, “பாய் இவருக்கு டார்ச் லைட்டு வாங்கிட்டு வந்தாருக்கா” என்பாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

போன ஆடி மாசம் பாய் போன் செய்தார். முட்டி தேய்ந்துவிட்டது, கடையைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டேன், நவ்ஷாத் ஓசூரில் வீடு பார்த்துவிட்டான், நானும் ஹாஜிராவும் அங்கேயே போகிறோம் என்றார். இனிமேல் இந்த வளைவுகள் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“வர்ற ஞாயித்துக்கெழமைதான் கடைசி பூபதி. மூணு பேருமா போலாம். வா.”

‘வாரேனுங்க பாய்’ என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே? கடைசி நாளாவது நீங்களும் நானும் மட்டும் பாறைக்குழிக்குப் போவோம் என்று அவர் கேட்டிருக்கக் கூடாதா என்று தோன்றிவிட்டது. மூணு பேருமாம், மூணு பேரு.

“அன்னிக்கு நாமக்கல்லுல சோலி இருக்குதுங்க பாய். சரக்கு எடுக்கோணும். நீங்க சென்றாயனோட போய்ட்டு வாங்க” என்றேன்.

இந்தத் தடவை கட்டாயம் கெஞ்சுவார் என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். “முடிஞ்சா வந்துரு” என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு அந்த யோசனை வந்தது. கடைசி நாள் அந்த மடுவில் ஒரு மீன்கூட விழக் கூடாது. சென்றாயன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். காலி பக்கெட்டோடு வளைவு இறங்கும்போது பாய், ‘பூபதி இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா’ என்று நினைக்க வேண்டும். ஓசூரில் உட்கார்ந்து காலத்துக்கும் அதையே நினைக்க வேண்டும். இதற்கு என்ன வழி? தண்ணீரில் மருந்து கலக்கிற பாவத்தை நான் செய்ய மாட்டேன். வயிறு நிறைந்த மீன் முள்ளைத் திரும்பிப் பார்க்காது, அது போதும். ஒரு வாரம் தின்னத் தின்னப் போட்டு அவற்றின் பசியை அடக்கிவிட்டால் சென்றாயன் எந்தப் புழுவைக் கோத்தாலும் கடிக்காது.

திங்கட்கிழமை ஆரம்பித்தேன். குச்சிக்கிழங்கை வேக வைத்துப் பிசைந்து, ராகி மாவு சேர்த்து உருண்டை பிடித்து, தூக்குப்பாத்திரத்தில் போட்டுக்கொண்டு வண்டியில் கிளம்பினேன். சென்றாயன் ஊர் வழியாகப் போக முடியாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை மறைவாக நிறுத்திவிட்டு, ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் இறங்க வேண்டும். முதல் நாள் என் நிழல் பட்டதும் மீனெல்லாம் சிதறி ஓடிவிட்டன. உருண்டையை உதிர்த்துப் போட்டுவிட்டு வந்தேன். புதன்கிழமை போட்ட கையோடு வந்து தின்றன. வெள்ளிக்கிழமை நான் பாறையில் கால் வைத்ததுமே கெண்டைகள் கூட்டமாக மேலே வந்தன. அவற்றைப் பிடிக்க ஓரத்தில் இரண்டு விரால் வந்து நின்றன. ஓடையில் மேலும் கீழும் இருந்த மீனெல்லாம் சேதி கேட்டு அங்கேயே வந்துவிட்டனவோ என்னவோ.

“எடுத்து வெக்கற கிழங்கெல்லாம் எங்கீங்க போவுது?” என்று கண்ணாயி கேட்டாள்.

“கடையில அவிச்சு வித்துப் பாக்கறேன்.”

“ஒருத்தருங்கூடத் திங்கற மாதிரி தெரியலீங்களே.”

“திங்கறாங்க, திங்கறாங்க. நீ வேலையப் பாரு.”

சொன்னால் வெட்கம், அந்த மீன்களிடம் நான் பேசக்கூட ஆரம்பித்துவிட்டேன். “தின்னு சாமி, நல்லாத் தின்னு. ஞாயித்துக்கெழம வாயத் தொறக்காம இரு” என்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சரக்குப் பையை மாட்டிக்கொண்டு நாமக்கல் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கடைசித் தீனியை இரண்டு மடங்காகப் போட்டேன். போட்டுவிட்டு நிமிர்கிறேன், பாதையில் பேச்சுக்குரல். இவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. மேலே ஏறிப் போக நேரமில்லை. பாறைக்குப் பின்னால் உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்து குந்திக்கொண்டேன்.

பாய் மெதுவாக இறங்கி வந்தார். ஒரு கையில் தடி. இன்னொரு கையைச் சென்றாயன் முழங்கையோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அந்தக் கையைப் பதினோரு வருசம் நான் பிடித்தவன். பார்க்கப் பார்க்கப் பற்றி எரிந்தது எனக்கு. சென்றாயன் பாறையில் சாக்கை விரித்து அவரை உட்கார வைத்தான். தூண்டில் கம்புகளின் கட்டைப் பிரித்தான். நைலான் நரம்பை உருவி நீட்டிக்கொண்டே தண்ணீர் ஓரம் வந்து குனிந்தான்.

அவன் நிழல் தண்ணீரில் விழுந்ததுதான் தாமதம், அத்தனை மீனும் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்துவிட்டன. அடப் பாவிகளா! இப்போதுதானே ஒரு பாத்திரம் தின்றீர்கள்!

சென்றாயன் அப்படியே நின்றான். பாறையில் ஒட்டியிருந்த துணுக்கு ஒன்றை எடுத்து விரலில் நசுக்கி மோந்து பார்த்தான். கம்பைக் கீழே வைத்துவிட்டான்.

“பாய், இது தீனி வெச்ச மடுங்க” என்றான்.

புதருக்குள் நான் இன்னும் தாழக் குந்தினேன். இந்த மலையில் தூண்டில் பிடிக்கிற ஒவ்வொருவனுக்கும் தெரிந்த வழக்கம் அது. ஒரு மடுவுக்கு ஒருவன் நாள் தவறாமல் தீனி வைத்துப் பழக்கினால், அதில் முதல் தூண்டில் அவனுடையது. அவன் வந்து போட்டு, ‘போடுங்க’ என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் முள்ளை நனைக்கலாம். சண்டைக்காரன்கூட அதை மீற மாட்டான். தீனி வைத்தவன் ஒரு கொத்துத் தழையைப் பறித்துப் பாறையில் வைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவான், அதுதான் அடையாளம். நான் தழை வைக்கவில்லை. எப்படி வைப்பேன்? மீனின் பசியை அடக்குகிற நினைப்பில், நான் செய்துகொண்டிருப்பதற்குப் பெயர் தீனி வைப்பது என்பதே என் மரமண்டைக்கு ஏறவில்லை. ஒரு வாரமாக முக்கால் மணி நேரம் இறங்கி, முக்கால் மணி நேரம் ஏறி, அந்த மடுவை என்னுடையதாக்கி வைத்திருக்கிறேன்!

“யாரு வெச்சதுப்பா?” என்றார் பாய்.

“தெரியலீங்க. தழை காணோம். ஆனா ஒரு வாரமாச்சும் இருக்கும், இல்லாட்டி இப்படி வராதுங்க. காத்தாலகூட வெச்சிருக்கறாங்க, கிழங்கு இன்னும் ஈரமா இருக்குது.” சென்றாயன் வழக்கத்தைச் சொல்லி விளக்கினான். “வேணும்னா தடுப்பணைக்குப் போலாங்களா?”

“இன்னொரு எடத்துக்கு ஏறி எறங்க என் முட்டி விடாது சென்றாயா. காத்தால வெச்சவங்க வராமயா போயிருவாங்க? உக்காரு. அவங்க வந்து போட்டதும் நாம போடலாம்.”

இருபது அடி. அவர்களுக்கும் எனக்கும் நடுவில் அவ்வளவுதான் தூரம். எழுந்து போய், ‘நான்தாங்க பாய்’ என்று சொன்னால் போதும். முதல் தூண்டில் என்னுடையது. ‘போடுங்க பாய்’ என்று என் வாயால் நான் சொல்ல, அவர் போட, அந்த விரால் இரண்டும் அவருக்கே விழுந்திருக்கும். சென்றாயன் பக்கத்தில் நின்று பார்த்திருப்பான்.

நான் எழுந்திருக்கவில்லை. நாமக்கல் போகிறேன் என்றவன் புதருக்குள்ளிருந்து எப்படி வருவது? இவ்வளவு ஆசையாகத் தீனி வைத்தாயே, ஏன் பூபதி சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்லுவது? எதற்காக வைத்தேன் என்று எனக்கல்லவா தெரியும். கொஞ்ச நேரம் போகட்டும், அவர்கள் பொறுமை இழந்து போட்டுவிடுவார்கள், போட்டதும் போய் வழக்கத்தை மீறினாய் என்று சென்றாயனைப் பிடித்துக் கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. அவர்கள் போடவே இல்லை.

பேசிக்கொண்டே இருந்தார்கள். பாய் மர்யமுக்கு முதலில் வந்த மாப்பிள்ளைக் கதையைச் சென்றாயனுக்குச் சொன்னார். அது என்னிடம் மட்டும் சொன்ன கதை. நான் கண்ணாயியிடம்கூட வாயைத் திறக்கவில்லை. சென்றாயன் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டு, “நல்ல வேலை செஞ்சீங்க பாய்” என்றான். நானும் அன்றைக்கு இதையேதான் சொன்னேன், இதே வார்த்தை.

மத்தியானம் பொட்டலம் பிரித்தார்கள். தேங்காய்ச் சோற்று வாசனை புதர் வரைக்கும் வந்தது. கொசு பிடுங்கியது, முட்டி மரத்துவிட்டது, காலையில் இரண்டு இட்லி தின்ற வயிறு. மூன்று பொட்டலம் இருந்தன. இரண்டைத் தின்றார்கள். மூன்றாவது, சென்றாயன் வீட்டுக்குக் கொண்டுபோகவாக இருக்கும் என்று நினைத்துக் கொண்டேன். அதற்கும் எரிந்தது.

நாலு மணிக்குப் பாய் எழுந்தார். தண்ணீர் ஓரம் போய், இலையில் மிச்சமிருந்த சோற்றை உதிர்த்துப் போட்டார். மீன்கள் மொய்த்துக்கொண்டன. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அப்புறம் மூன்றாவது பொட்டலத்தைப் பாறைமேல் நிழலான இடத்தில் வைத்து, மேலே ஒரு தட்டைக் கல்லை வைத்தார்கள். சென்றாயன் கம்புகளை அப்படியே கட்டினான். நரம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அவர் கையைப் பிடித்து மெதுவாக மேலே கூட்டிக்கொண்டு போனான்.

அவர்கள் தலை மறைந்ததும் நான் மறுபக்கப் பாதையில் ஏறினேன். பொட்டலத்தைப் பார்த்தேன், தொடவில்லை. யாருக்கோ வைத்ததைத் தின்ன நான் என்ன நாயா என்று வீம்பு. பசியோடு மூச்சு வாங்க ஓடி, வண்டியை எடுத்து, அவர்களுக்கு முன்னால் வாசலூர்பட்டி வந்து, சரக்குப் பையைத் தெரிகிற மாதிரி வாசலில் வைத்துவிட்டுக் கடையைத் திறந்தேன்.

அரை மணி நேரம் கழித்து வெள்ளைக் கார் வந்து நின்றது. முன் சீட்டில் சென்றாயன், அடிவாரம் வரை துணைக்கு. பாய் கண்ணாடியை இறக்கினார்.

“வந்துட்டியா பூபதி? நாமக்கல் சோலி முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுங்க பாய். மீனு எப்படிங்க?”

“தூண்டி நனையவே இல்லப்பா” என்றார். சொன்ன முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பதினாலு வருசத்தில் நான் அதைப் பார்த்ததில்லை, விரால் பிடித்த அன்றைக்குக்கூட. “யாரோ ஒரு மனுசன் அந்த மடுவுக்குத் தீனி வெச்சிருக்கறான் பூபதி. நம்ம நெழலு பட்டா ஓடற மீனு, வாயத் தொறந்துட்டு மேல வருது. எவ்வளவு பிரியமா வெச்சிருந்தா அப்படி வரும்! எத்தன நாளு ஏறி எறங்கியிருப்பான்! அவன் வந்து மொதல்ல போடட்டும்னு நாலு மணி வரைக்கும் காத்திருந்தோம். பாவம், என்ன கஷ்டமோ, வர முடியல போல.”

நான்தாங்க பாய், நான்தான் அது. சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான் வரும். அப்புறம் ஏன்டா வரவில்லை என்பார். பஜ்ஜிக் கரண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

“உனக்குத் தெரியாத தூண்டிக்காரன் இந்த மலையில யாரு? கண்டுபிடிச்சு, சேந்தமங்கலத்துப் பாய் சலாம் சொன்னாருன்னு சொல்லிரு. ஓசூர் போனாலும் அந்த ஆளுக்காக அல்லாகிட்ட துஆ கேட்டுட்டேதான் இருப்பேன்” என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு என் கையைப் பிடித்தார். “ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. எப்படியும் நீ வந்துருவேன்னு ஹாஜிரா உனக்கும் சேத்து மூணு பொட்டலம் கட்டிக் குடுத்தா. நீதான் வரல. அந்த மனுசன் எப்ப வந்தாலும் பசியோட வருவானேன்னு, உன் பொட்டலத்த அவனுக்கு வெச்சுட்டு வந்துட்டேன்.”

“அதனாலென்னங்க பாய்” என்றேன்.

கையை விட்டார். கார் கிளம்பி, ஏரியைச் சுற்றித் திரும்பி, முதல் வளைவில் மறைந்தது. நான் ரோட்டில் நின்றுகொண்டே இருந்தேன்.

விசித்திரம் என்னவென்றால், அதற்கப்புறம் சென்றாயன் மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. எரிகிறதெல்லாம் அந்தத் தீனி வைத்தவன் மேல்தான். முகம் தெரியாது, பேர் தெரியாது, ஆனால் பாய் கடைசியாகப் பேசிவிட்டுப் போனது முழுக்க அவனைப் பற்றி. சலாம் அவனுக்கு. ஐந்து வேளை துஆ அவனுக்கு. ஹாஜிரா பீவி எனக்கென்று கட்டிய தேங்காய்ச் சோறும் அவனுக்கே. பதினாலு வருசம் பழகிய பூபதிக்குக் கிடைத்தது, நாமக்கல் சோலி முடிந்ததா என்ற ஒரு கேள்வி.